தவளையின் குரல் எங்கே பிறக்கிறது? குரல் உறுப்புகளின் அமைப்பும் பரிணாமமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவளையின் குரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் அதன் கழுத்தடியில் உப்பி நிற்கும் பையைத்தான் காட்டுவார்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான் என்பதால் இந்த எண்ணம் இயல்பானது, ஆனால் சரியானதன்று. விலங்கியல் படிப்பவர்களும் தவளைகளை ஆர்வத்தோடு கவனிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தவளையின் உடலுக்குள் காற்று எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்பதைப் பின்தொடர்ந்தால், உடலமைப்பும் விளங்கும், அது பரிணாமத்தில் எப்படியெல்லாம் மாறியது என்பதும் விளங்கும். அதனால் விடைகள் பலவும் காற்றின் பாதையை ஒட்டியே செல்கின்றன.

குரல் பை ஒலியை உண்டாக்குவதில்லை என்றால், ஒலி எங்கே உண்டாகிறது?

குரல்வளையில்தான். மனிதனைப் போலவே தவளைக்கும் வாய்க்குழிக்கும் நுரையீரலுக்கும் இடையில் ஒரு குரல்வளை இருக்கிறது. தவளையின் கழுத்து மிகக் குறுகியது. நீண்ட மூச்சுக்குழல் கிடையாது. எனவே குரல்வளையும் மூச்சுக்குழலின் எச்சமும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு சிறு அறையாக அது அமைந்து, அதிலிருந்து நேராக இரு நுரையீரல்களும் பிரிகின்றன. நாக்கின் பின்புறம், வாயின் தரையில் காணப்படும் சிறிய நீள்பிளவுதான் இந்த அறையின் வாசல்.

வாசலின் இரு பக்கமும் கதவின் இரு பலகைகளைப் போல நிற்பவை அரிட்டினாய்டு குருத்தெலும்புகள். அவற்றைச் சுற்றி வளையமாகத் தாங்கி நிற்பது கிரிகாய்டு குருத்தெலும்பு. கதவுகளின் உட்புறத்தில் இரண்டு குரல் நாண்கள் குறுக்கே நீண்டிருக்கின்றன. ஒரு சோடித் தசைகள் கதவைத் திறக்கின்றன. வேறு சில தசைகள் அதை மூடி இறுக்குகின்றன. நுரையீரலிலிருந்து அழுத்தத்தோடு வரும் காற்று இந்த நாண்களை அதிரச் செய்யும்போது ஒலி பிறக்கிறது. தேரைகள் சிலவற்றில் நாண்களோடு சேர்ந்து அரிட்டினாய்டு குருத்தெலும்புகளும் மெதுவான வேகத்தில் அதிர்ந்து, நாண் எழுப்பும் தொடர்ச்சியான ஒலியைத் துண்டுதுண்டாக நறுக்கிவிடுகின்றன. அவற்றின் நீண்ட குரலில் நாம் கேட்கும் அந்தத் துடிப்பு அப்படித்தான் உண்டாகிறது.

இது மனிதனின் குரல்வளையைப் போன்றதுதானா?

அடிப்படையில் ஆம். அரிட்டினாய்டும் கிரிகாய்டும் இரண்டிலும் உண்டு. இரண்டின் தசைகளையும் இயக்குவது வேகஸ் நரம்பின் கிளைகளே. தைராய்டு குருத்தெலும்பும், விழுங்கும்போது வாசலை மூடும் மடலும் தவளைக்குக் கிடையாது. குரல்வளை முதலில் குரலுக்காகத் தோன்றிய உறுப்பன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நுரையீரல் மீன்களில் கூட நுரையீரலின் வாசலைத் தசை காக்கிறது. நீரும் உணவும் நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பதே அதன் வேலை. அந்தக் காவல் கதவு அதிரத் தொடங்கியதுதான் குரலின் தொடக்கம்.

வாயை மூடிக்கொண்டே தவளை எப்படிக் கத்துகிறது?

"நுணலும் தன் வாயால் கெடும்" என்று பழமொழி சொல்கிறது. ஆனால் கத்தும் நேரத்தில் நுணலின் வாய் இறுக மூடியிருக்கிறது. மூக்குத் துளைகளும் மூடியிருக்கின்றன. காற்று வெளியே போவதே இல்லை.

கத்திக்கொண்டிருக்கும் ஒரு தேரையைக் கைவிளக்கின் ஒளியில் மிக அருகில் இருந்து பார்த்தால் இந்தச் சுழற்சி முழுவதும் கண்முன் நடக்கும். முதலில் அதன் உடல் இருபுறமும் பருத்துக் கிடக்கிறது, ஏனெனில் நுரையீரல் நிறையக் காற்றை வைத்திருக்கிறது. பிறகு விலாப்பகுதித் தசைகள் சட்டென்று உள்ளே இறுகுகின்றன, உடல் ஒடுங்குகிறது, அதே கணத்தில் கழுத்தடி பலூனைப் போல உப்புகிறது, ஒலி கேட்பது அந்த இடைவெளியில்தான். ஒலி நின்றதும் பை மெல்லச் சுருங்க, உடல் மீண்டும் பருக்கிறது. ஒரே காற்று நுரையீரலிலிருந்து குரல்வளை வழியாக வாய்க்குழிக்கும், அங்கிருந்து பைக்கும் சென்று, வந்த வழியே நுரையீரலுக்குத் திரும்புகிறது. அடுத்த ஒலிக்கும் அதே காற்றுதான்.

தவளைக்கு விலாக்கூடும் உதரவிதானமும் இல்லை. சாதாரண நேரத்தில் அது வாயின் தரையை மேலும் கீழும் அசைத்துக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளியே மூச்சு விடுகிறது. இந்தத் தள்ளும் மூச்சு முறை ஏற்கெனவே இருந்ததால்தான், வாய்க்குழியிலிருந்து காற்றைத் திருப்பி அனுப்புவது அதற்கு எளிதாயிற்று என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் குரல் பை எதற்காக இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் அக்கறை கொண்டு எழுதும் விடை இதுதான், ஏனெனில் பல பாடநூல்களில் "குரல் பை ஒத்ததிர்வு அறையாகச் செயல்பட்டு ஒலியைப் பெருக்குகிறது" என்ற ஒரு வரி மட்டும் எழுதப்பட்டு, விஷயம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

அந்த வரி உண்மையானால் அதை ஒரு எளிய சோதனையால் சரிபார்க்கலாம். ஒரு குடத்தின் வாயில் ஊதினால் எழும் ஒலியின் சுருதி, குடத்துக்குள் இருக்கும் காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்பதைப் பொறுத்தது. ஹீலியம் கலந்த காற்றில் ஒலி மிக வேகமாகச் செல்லும். எனவே குடத்தில் அந்தக் காற்றை நிரப்பினால் சுருதி உயரும். 1993இல் ஸ்டான்லி ராண்டும் ராபர்ட் டட்லியும் ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த காற்றில் தவளைகளைக் கத்த வைத்தார்கள். பை குடத்தைப் போல வேலை செய்திருந்தால் குரலின் முதன்மை அதிர்வெண் மேலே போயிருக்க வேண்டும், அப்படிப் போகவில்லை. பையின் உள்ளே இருக்கும் காற்று சுருதியைத் தீர்மானிக்கவில்லை என்பது இதனால் உறுதியாயிற்று.

பை செய்யும் வேலைகள் வேறு. முதலாவது, உடலுக்குள் உண்டான அதிர்வை வெளிக்காற்றுக்குக் கொண்டுசேர்ப்பது. தவளையின் தலை சிறியது. பெருத்து விரிந்த மெல்லிய தோல் பரப்போ காற்றை நன்றாக அசைக்கும். இரண்டாவது, என் பார்வையில் மிக முக்கியமானது, காற்றைத் திருப்பித் தருவது. உப்பிய பையின் சுவர் மீள்தன்மையுடையது. விரிந்தது சுருங்கும்போது காற்று தானாகவே நுரையீரலை நோக்கித் தள்ளப்படுகிறது. பை இல்லாவிட்டால் ஒவ்வொரு ஒலிக்கும் பிறகு வாயின் தரையை இறைத்து இறைத்துக் காற்றை நிரப்ப வேண்டியிருக்கும். துங்காரா தவளைகளின் பை உப்பாதபடி தடுத்துப் பார்த்த ஆய்வில், அவை கத்தும் வேகம் குறைந்தது. குரல் பையைத் துருத்தியோடு ஒப்பிடுவதைவிட, காற்றைச் சேமித்து உடனே திருப்பித் தரும் சுருள்வில்லோடு ஒப்பிடுவதே பொருத்தம்.

மூன்றாவது வேலை, பார்வைக்கானது. இருளிலும் ஓரளவு பார்க்கக்கூடிய பெண் தவளைக்கு உப்பி அடங்கும் பை ஓர் அசைவுக் குறி. பகலில் கத்தும் சில இனங்களில் பை வெள்ளையாகவோ வேறு பளிச்சென்ற நிறத்திலோ அமைந்திருப்பதும் இதனால்தான்.

பை இல்லாமலும் குரல் எழும் என்பதற்கு உயிருள்ள சான்றுகள் உண்டு. உலகின் மிகப் பெரிய தவளையான, ஆப்பிரிக்காவின் கோலியாத் தவளைக்குக் குரல் பை கிடையாது; ஆனாலும் அது சீழ்க்கை போன்ற குரல் எழுப்புகிறது. ஐரோப்பாவின் மஞ்சள் வயிற்றுத் தேரைக்கும் பை இல்லை. அதற்கும் குரல் உண்டு.

குரல் பை எதனால் ஆனது? எத்தனை வகைகள் உள்ளன?

வாயின் தரையிலுள்ள உட்தோல் கீழ்நோக்கிப் பிதுங்கி, தாடைகளுக்கு இடையில் குறுக்கே ஓடும் தசைகளையும் வெளித்தோலையும் தள்ளிக்கொண்டு விரிவதே குரல் பை. வளர்ந்த ஓர் ஆண் தவளையின் வாயைத் திறந்து நாக்கை மெல்ல உயர்த்திப் பார்த்தால், அதன் இரு பக்கமும் தாடையை ஒட்டி இரண்டு சிறு பிளவுகள் தெரியும். பைக்குள் காற்று நுழையும் வழிகள் அவையே. ஒரு தவளை ஆணா பெண்ணா என்று ஆராய்ச்சியாளர்கள் பார்க்கும் அடையாளங்களில் இந்தப் பிளவுகளும் ஒன்று. தலைப்பிரட்டைக்குப் பை இல்லை. உருமாற்றத்துக்குப் பின்பே அது வளர்கிறது.

கழுத்தடியில் ஒற்றைப் பை, கழுத்தடியில் இரட்டைப் பை, தலையின் இரு பக்கங்களிலும் தனித்தனியாக உப்பும் பைகள் என மூன்று பெரும் வகைகளைப் பொதுவாகக் குறிப்பிடுவார்கள். சீன விலங்கியலாளர் லியூ செங்சாவ் 1935இல் செய்த வகைப்பாடு இதற்கு அடிப்படை. வெளியே தெரியாமல் தோலுக்கடியிலேயே விரியும் பைகளும் உண்டு. நெருங்கிய உறவுடைய இனங்களில்கூட வகை மாறுபடுவதால், பையின் வடிவத்தை மட்டும் வைத்து உறவுமுறையைச் சொல்வது ஆபத்தானது.

செவிப்பறை கேட்பதற்கு மட்டும்தானா?

இல்லை. வட அமெரிக்கக் காளைத் தவளையில் ஆணின் செவிப்பறை அதன் கண்ணைவிடப் பெரியது. பெண்ணுக்குக் கண்ணளவே இருக்கும். ஆணின் குரலில் உள்ள உயர் அதிர்வெண் பகுதியின் பெரும்பங்கு பையிலிருந்து அல்லாமல் இந்தச் செவிப்பறைகள் வழியாகவே வெளியே பரவுகிறது என்று 1990களில் அளந்து கண்டறிந்தார்கள். கேட்கும் உறுப்பே ஒலிபெருக்கியாகவும் உதவுகிறது.

பெண் தவளைகள் ஏன் பெரும்பாலும் கத்துவதில்லை?

பெண்ணுக்கும் குரல்வளை உண்டு, நாண்களும் உண்டு. ஆனால் ஆணின் குரல்வளை உடலளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, தசை மிகுந்தது. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது டெஸ்டோஸ்டிரோன் முதலான ஆண் ஹார்மோன்கள். ஆப்பிரிக்க நகத்தவளையான செனோபஸில் டார்சி கெல்லியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் இதை நுணுக்கமாகக் காட்டின: வளர்ந்த ஆணின் குரல்வளைத் தசையிழைகள் அனைத்தும் விரைவாகச் சுருங்கும் வகையைச் சேர்ந்தவை, பெண்ணினுடையவை மெதுவானவையும் விரைவானவையும் கலந்தவை. ஆணின் குரலில் வினாடிக்கு ஏறத்தாழ 60 சொடுக்குகள் வரும் பகுதி உண்டு. பெண்ணின் தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

பெண் முற்றிலும் ஊமை என்று எண்ணிவிடக் கூடாது. விருப்பமில்லாத நேரத்தில் ஆண் தழுவிக்கொண்டால் விடுவிக்கச் சொல்லும் குரலைப் பல இனங்களில் பெண்ணும் எழுப்பும். நகத்தவளையின் பெண் முட்டையிடத் தயாரான நேரத்தில் ஆணை அழைக்கும் குரலே எழுப்புகிறது. மருத்துவச்சித் தேரை எனப்படும் ஐரோப்பிய இனத்திலும் பெண் பதில் குரல் கொடுக்கும்.

கத்துவதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது?

மிகவும் அதிகம். வட அமெரிக்கச் சாம்பல் மரத்தவளை கத்தும்போது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், அதைத் துரத்தித் துரத்திக் குதிக்க வைக்கும்போது எடுத்துக்கொள்வதைவிடவும் மிகுதி என்று டைகனும் வெல்ஸும் 1985இல் அளந்து காட்டினார்கள். உண்மையில் இந்த ஆற்றலைப் பெரிதும் செலவிடுவது குரல்வளை அல்ல, காற்றைத் தள்ளும் விலாத்தசைகள். இந்த மரத்தவளையின் ஆணில் அவை உடல் எடையில் சுமார் 15 விழுக்காடு வரை இருக்கின்றன. தசையிழைகளுக்குள் கொழுப்புத் துளிகள் சேமிக்கப்பட்டிருக்கும். பல இரவுகள் தொடர்ந்து கத்தினால் அவை தீர்ந்துவிடும். ஓர் ஆண் எத்தனை இரவுகள் குட்டைக்கு வந்து கத்த முடிகிறது என்பதே அது இணை சேரும் வாய்ப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பெண் கேட்பது குரலை மட்டுமன்று, அதன் பின்னால் இருக்கும் உடல்நலத்தையும்தான்.

பெரிய தவளைக்குக் கனத்த குரலும் சிறியதற்குக் கீச்சுக் குரலும் இருப்பது ஏன்?

நாண் நீளமாகவும் கனமாகவும் இருந்தால் மெதுவாக அதிரும். குட்டையாக இருந்தால் வேகமாக அதிரும். 2012இல் விவரிக்கப்பட்ட, பப்புவா நியூ கினியின் பீடோஃபிரைன் அமாவென்சிஸ் என்ற தவளை சராசரியாக 7.7 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. அதன் குரல் 8,400 முதல் 9,400 ஹெர்ட்ஸ் வரை சென்று, பூச்சியின் ஒலியைப் போலவே கேட்கிறது. ஆனால் இந்த விதிக்கு விலக்குகள் நிறைய உண்டு. விலக்குகள் தோன்றும் இடங்களில்தான் பரிணாமம் நாணில் கைவைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தர முடியுமா?

மத்திய அமெரிக்காவின் துங்காரா தவளை மூன்று சென்டிமீட்டர் அளவே உள்ளது. அதன் அழைப்பு இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலில் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு நீண்ட ஊளை. அதன்பின், விரும்பினால், ஒன்றோ பலவோ "சக்" என்ற குட்டையான, கனத்த ஒலிகள். மைக்கேல் ரையான் பனாமாவில் தொடங்கிய நீண்ட கால ஆய்வுகளில், பெண்கள் சக் சேர்ந்த குரலையே பெரிதும் விரும்புவது தெரியவந்தது.

இந்தச் சிறிய உடலுக்கு அவ்வளவு கனத்த ஒலி எப்படிக் கிடைத்தது? அதன் குரல் நாண்களோடு இணைந்து ஒரு நார்த்திசுக் கட்டி தொங்குகிறது. காற்றோட்டம் வலுக்கும்போது அந்தக் கட்டியும் அதிரத் தொடங்குகிறது. சக் ஒலி அதிலிருந்து பிறக்கிறது. 2006இல் வெளியான ஆய்வில் அந்தக் கட்டியை அறுவை மூலம் நீக்கினார்கள். தவளைகள் ஊளையை முன்போலவே எழுப்பின. சக் எழுப்பவும் முயன்றன. ஆனால் அந்த ஒலி வரவில்லை. ஒரு நாணின் மேல் சிறிதளவு திசு கூடுதலாக வளர்ந்தது, ஒரு புதிய சொல்லையே உருவாக்கியிருக்கிறது.

"கெடும்" என்ற, நுணல் பழமொழியின் மற்ற பாதிக்கு இங்கே முழு உண்மை உண்டு. தவளையுண்ணி வௌவால் ஒன்று இந்தக் குரலைக் கேட்டே இரை தேடுகிறது. அதுவும் சக் சேர்ந்த குரலையே தேர்ந்து வருகிறது. நீரில் மிதந்தபடி கத்தும் தவளையின் பை நீரில் சிற்றலைகளை எழுப்புகிறது. வௌவாலின் நிழல் கண்டு தவளை வாயடங்கிய பின்னும் அந்த அலைகள் சில வினாடிகள் பரவிக்கொண்டேயிருந்து அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. தனித்திருக்கும் ஆண் ஊளையோடு நிறுத்திக்கொள்வதும், பக்கத்தில் போட்டியாளர் குரல் கேட்டால் மட்டுமே சக் சேர்ப்பதும் இந்த ஆபத்தின் பின்னணியில் விளங்கும்.

குரலோடு காதும் மாறியதா?

மாறாவிட்டால் குரலுக்குப் பயனில்லை. தவளையின் உட்செவியில் ஒலியை உணரும் இரண்டு தனித்தனி உணர்வுப் பகுதிகள் உள்ளன. ஒன்று தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் மற்றொன்று உயர்ந்த அதிர்வெண்களுக்கும் உரியது. பல இனங்களில் இவை அந்த இனத்தின் குரலுக்கு நன்கு பொருந்திய அதிர்வெண்ணிலேயே கூர்மையாகக் கேட்கின்றன. போர்ட்டோ ரிக்கோவின் கோக்கி தவளை "கோ", "கீ" என்று இரண்டு ஒலிகளை அடுத்தடுத்து எழுப்பும். "கோ" மற்ற ஆண்களுக்கான எச்சரிக்கை என்றும், "கீ" பெண்ணுக்கான அழைப்பு என்றும் நாரின்ஸும் கப்ரானிகாவும் 1976இல் காட்டினார்கள். ஒவ்வொரு பாலினத்தின் செவியும் தனக்குரிய ஒலிக்கே அதிகம் இசைந்திருக்கிறது.

நுரையீரலும் இந்தக் கதையில் வருகிறது. அமெரிக்கப் பச்சை மரத்தவளையில், காற்று நிரம்பிய நுரையீரலின் அதிர்வு, தன் இனத்துக்கு உரியதல்லாத அதிர்வெண்களில் செவிப்பறையின் அசைவைக் குறைக்கிறது என்று 2021இல் தெரியவந்தது. பல இனங்கள் ஒரே குட்டையில் இரைச்சலிடும்போது தன் இனத்தின் குரலைப் பிரித்தறிய இது உதவுகிறது. குரலுக்குக் காற்றைத் தரும் அதே உறுப்பு, கேட்கும்போது இரைச்சலை வடிகட்டவும் செய்கிறது.

நீருக்கடியில் வாழும் தவளைகள் காற்றில்லாமல் எப்படிக் குரல் எழுப்புகின்றன?

இதற்குச் செனோபஸையும் அதன் உறவினங்களையும் பார்க்க வேண்டும். இவற்றின் முன்னோர்கள் நிலத்திலிருந்து மீண்டும் முழுநேர நீர்வாழ்வுக்குத் திரும்பியவை. இவற்றுக்குக் குரல் நாண்களும் இல்லை, குரல் பையும் இல்லை. குரலுக்காகக் காற்றோட்டமும் இல்லை. ஆனால் குரல்வளை மட்டும் ஒரு பெரிய குருத்தெலும்புப் பெட்டியாக வளர்ந்திருக்கிறது. பெட்டிக்குள் இரண்டு அரிட்டினாய்டு குருத்தெலும்புகளும் வட்டத் தகடுகளாக மாறி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. தசைகள் சட்டென இழுக்கும்போது தகடுகள் பிரிகின்றன. "டிக்" என்று ஒரு சொடுக்கு. அடுத்த இழுப்புக்கு அடுத்த சொடுக்கு. உடலிலிருந்து பிரித்தெடுத்த குரல்வளையின் நரம்பை மின்னோட்டத்தால் தூண்டினாலும் அதே சொடுக்கு எழும்.

தகடுகள் பிரியும்போது இடையில் உண்டாகும் நுண்குமிழி வெடிப்பதே ஒலிக்குக் காரணம் என்று ஒரு விளக்கம் முன்பு நிலவியது. 2019இல் வெளியான ஆய்வு அதை ஒதுக்கியது. தகடுகளின் அசைவு குரல்வளையின் திசுக்களையே அதிரச் செய்கிறது என்றும், ஒவ்வொரு சொடுக்கிலும் இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து ஒலிக்க, அவற்றுக்கிடையிலான விகிதம் இனத்துக்கு இனம் மாறுகிறது என்றும் அது காட்டியது.

காற்றின் சுழற்சியையே நம்பியிருந்த ஒரு கருவி, காற்றைக் கைவிட்ட பிறகும் குரலைக் கைவிடவில்லை என்பதை நான் தவளைப் பரிணாமத்தின் மிக அழகான நிகழ்வுகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

குரலை இயக்குவது மூளையின் எந்தப் பகுதி?

பின்மூளையில் உள்ள நரம்பணு வலைகள்தான் தாளத்தை உருவாக்குகின்றன. செனோபஸின் மூளையை மட்டும் தனியே எடுத்து ஊட்டக் கரைசலில் வைத்துச் செரட்டோனின் சேர்த்தபோது, குரல்வளை நரம்பில் அழைப்புக் குரலுக்குரிய அதே துடிப்பு வரிசை பதிவாயிற்று. குரல்வளையும் இல்லை, உடலும் இல்லை. பாட்டின் தாளம் மட்டும் மூளையில் முழுதாக இருந்தது.

முதல் தவளைகளுக்குக் குரல் இருந்ததா?

மடகாஸ்கரில் கிடைத்த டிரையடோபட்ராக்கஸ் என்ற தவளை போன்ற விலங்கு ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகள் பழமையானது. அரிசோனாவில் கிடைத்த புரோசலிரஸ் சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. இவற்றின் எலும்புகளிலிருந்து குதிக்கும் திறனைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆனால் குரல்வளை குருத்தெலும்பாலும் தசையாலும் ஆனது. பை வெறும் தோல். இவை கல்லில் எளிதில் பதிவதில்லை. எனவே வாழும் இனங்களை ஒப்பிட்டே நாம் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மற்ற எல்லாத் தவளைகளிடமிருந்தும் மிகத் தொன்மையில் பிரிந்த கிளையில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டு பேரினங்கள்: வட அமெரிக்காவின் வால் தவளையான அஸ்காபஸும் நியூசிலாந்தின் லியோபெல்மாவும். இரண்டுக்கும் குரல் பை இல்லை, வெளியே தெரியும் செவிப்பறை இல்லை, பெண்ணை அழைக்கும் குரலும் இல்லை. லியோபெல்மா தொந்தரவு செய்தால் சிறு கீச்சொலி எழுப்புவதோடு சரி. அடுத்துப் பிரிந்த கிளைகளில் ஒன்றைச் சேர்ந்த நெருப்பு வயிற்றுத் தேரைகள் மூச்சை உள்ளிழுக்கும் திசையில் காற்று செல்லும்போது குரல் எழுப்புகின்றன. இதையெல்லாம் வரிசையாக வைத்தால், முதலில் ஊமை, பிறகு கீச்சு, பிறகு பை, பிறகு பாட்டு என்று ஒரு படிக்கட்டு தோன்றும்.

அந்தப் படிக்கட்டை நம்பிவிடாதீர்கள் என்றே நான் மாணவர்களிடம் சொல்வேன். அஸ்காபஸ் இரைச்சல் மிகுந்த மலை ஓடைகளில் வாழ்கிறது. அங்கே குரலால் பயன் இல்லை. அத்தகைய ஓடைகளில் வாழும் வேறு பல குடும்பத் தவளைகளும் பையையோ குரலையோ தனித்தனியே இழந்திருக்கின்றன. எனவே அஸ்காபஸின் அமைதி தொன்மையின் எச்சமாகவும் இருக்கலாம், பின்னால் வந்த இழப்பாகவும் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய விவாதம் ஒன்றும் உண்டு. 2020இல் சென்னும் வீன்ஸும் ஏறத்தாழ 1,800 நிலவாழ் முதுகெலும்பி இனங்களை ஒப்பிட்டு, ஒலிவழித் தொடர்பு தவளைகள், பாலூட்டிகள், பறவைகள் முதலான கூட்டங்களில் தனித்தனியே தோன்றியது என்றும், இரவு வாழ்க்கையோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றும் முடிவு செய்தார்கள். 2022இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஊமை என்று கருதப்பட்ட ஆமைகள், நுரையீரல் மீன் முதலியவற்றின் ஒலிகளைப் பதிவு செய்து, குரலின் வேர் 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பொது மூதாதையிடமே இருக்கிறது என்றது. ஒலி எழுப்புவதையும் ஒலியால் பேசிக்கொள்வதையும் ஒன்றாகக் கருதுவதா என்பதில்தான் இவ்விரண்டும் பெரிதும் வேறுபடுகின்றன என்பது என் கருத்து.

ஓடையின் இரைச்சலில் குரலை இழக்காத தவளைகள் என்ன செய்தன?

சில குரலை உயர்த்தின. சீனாவின் குழிச்செவி ஓடைத்தவளையின் குரல், மனிதச் செவியின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸையும் தாண்டுகிறது என்று 2006இல் அறியப்பட்டது. போர்னியோவின் ஹுயா கேவிடிம்பானம் என்ற தவளை முழுக்க முழுக்க மீயொலியிலேயே அழைக்க வல்லது. இரண்டிலும் செவிப்பறை ஒரு குழிக்குள் உட்சென்று, மிக மெல்லியதாக இருக்கிறது.

வேறு சில குரலோடு காலையும் சேர்த்துக்கொண்டன. தென்னிந்திய மலைத்தொடரின் மைக்ரிக்சாலஸ், போர்னியோவின் ஸ்டாரோயிஸ் முதலியவை பின்னங்காலைத் தூக்கி, விரல்களை விரித்துக் கொடி காட்டுவது போல அசைக்கின்றன. ஸ்டாரோயிஸில் அந்தக் கால் தசைகளையும் ஆண் ஹார்மோனே இயக்குகிறது. குரல்வளைக்கு ஆணையிட்டுவந்த ஹார்மோன் புதிய தசை ஒன்றைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்திருக்கிறது.

வாயைத் திறந்து கத்துவதே இல்லையா?

பாம்போ பறவையோ பிடித்துவிட்டால் பல தவளைகள் வாயை அகலத் திறந்து அலறும். அப்போது காற்று நேராக வெளியேறுகிறது. பைக்கு அங்கே வேலையில்லை. பெண்களும் இளம் தவளைகளும்கூட இப்படி அலறும்.

குரல் பை குரலைத் தவிர வேறு எதற்காவது பயன்படுகிறதா?

தென் அமெரிக்காவின் தென்முனைக் காடுகளில், சிலியிலும் அர்ஜென்டினாவிலும், டார்வின் தவளை எனப்படும் ரைனோடெர்மா டார்வினி வாழ்கிறது. பெண் ஈரமான நிலத்தில் முட்டையிட்டுச் செல்ல, ஆண் காவலிருக்கிறது. முட்டைக்குள் கருக்கள் அசையத் தொடங்கியதும் அது அவற்றை வாயால் எடுக்கிறது. அவை வயிற்றுக்குள் போவதில்லை. நாக்கின் பக்கங்களிலுள்ள அதே பிளவுகள் வழியாகக் குரல் பைக்குள் இறங்குகின்றன. தலைப்பிரட்டைகள் அங்கேயே பல வாரங்கள் வளர்ந்து உருமாறுகின்றன. அந்த நாட்களில் பை உடலின் பக்கங்கள் வரை விரிந்து, உள்ளே குஞ்சுகள் நெளிவது வெளித்தோலில் தெரியும். வளர்ச்சி முடிந்ததும் தந்தை வாயைத் திறக்க, ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள முழுத் தவளைகள் ஒவ்வொன்றாக வெளியே குதிக்கின்றன.

தன் குரலையே கேட்க முடியாத தவளை உண்டு என்பது உண்மையா?

உண்மை. பிரேசிலின் அட்லாண்டிக் காடுகளில் வாழும், பூசணி நிறத் தேரைகளான பிராக்கிசெஃபாலஸின் இரண்டு இனங்களில் உயர் அதிர்வெண்ணைக் கேட்கும் உட்செவிப் பகுதி சரியாக வளர்வதில்லை. அவற்றின் மெல்லிய குரல் அந்த அதிர்வெண்ணிலேயே இருக்கிறது. 2017இல் வெளியான ஆய்வில், தங்கள் இனத்தின் குரலை ஒலிக்கச் செய்தபோதும் அவற்றின் செவியிலிருந்து பதில் எழவில்லை. ஆனாலும் ஆண்கள் பகல் முழுவதும் இலைச்சருகுகளின் மேல் நின்று கத்திக்கொண்டிருக்கின்றன. கத்தும்போது கழுத்தடியில் எழும் அசைவை மற்றத் தேரைகள் பார்க்கின்றன என்பது ஒரு விளக்கம். கேட்கும் திறன் முதலில் போய், குரல் இன்னும் போகாமல் எஞ்சி நிற்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கம் சரியானால், குரல் மறைந்துபோகும் பாதையின் நடுவில் இருக்கும் ஓர் உயிரை நாம் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.